பாதிக் கதை: ஓர் ஆக்ரா வியாபாரி எழுதிய ஐந்தொகை

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கினால், வடக்கே குடியிருக்கும் நாம் செய்யும் முதல் காரியம் அவர்களை ஆக்ராவுக்கு அழைத்துப் போவதுதான். நானும் இந்த வட்டாரத்துக்கு வந்த நாள் முதலாகத் தாஜ்மஹாலை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மும்தாஜ் 1631இல் இறந்தாள். மறு வருஷம் வேலை தொடங்கிற்று. இருபது வருஷத்துக்கு மேல் கல்லும் பளிங்குமாக அந்த ஊர் அமளிப்பட்டது. இதெல்லாம் வழிகாட்டிகள் சொல்லி நமக்கு மனப்பாடம்.

அதே வருஷங்களில் அதே ஆக்ராவில் இன்னொரு காரியமும் நடந்தது. அதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. 1641ஆம் ஆண்டில் ஒரு வியாபாரி, தம்முடைய ஐம்பத்தைந்தாவது வயதில், தம் வாழ்க்கைக் கதையை 675 பாட்டுக்களில் எழுதி முடித்தார். அவர் பெயர் பனாரசிதாஸ். நூலின் பெயர் ‘அர்த்தகதானகம்’. யமுனைக் கரையில் எழும்பிக்கொண்டிருந்த வெள்ளைப் பளிங்கைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் பேசியதெல்லாம் தம் கடன், தம் காதல், தம் மூட நம்பிக்கைகள், தாம் பறிகொடுத்த பிள்ளைகள், தம் நண்பர்கள் ஆகியவற்றைப் பற்றித்தான்.

அர்த்தநாரி, அர்த்தஜாமம் என்று சொல்கிறோம் அல்லவா? அந்த ‘அர்த்த’தான் இது. பாதிக் கதை என்று பொருள். மனிதனுக்கு ஆயுள் 110 வருஷம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்தில் எழுதியதால் பாதி என்று பெயர் வைத்தார். மீதிப் பாதி அவருக்குக் கிடைக்கவில்லை. நூலை முடித்துச் சுமார் இரண்டு வருஷங்களில் காலமானார் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இந்திய மொழிகளில் முதன்முதலாக ஒருவர் தம் முழு வாழ்க்கையையும் தாமே சொன்ன நூல் என்று இதை அறிஞர்கள் பெருமையாகக் குறிப்பிடுகிறார்கள். பாபர் தம் நினைவுகளைத் துருக்கியில் எழுதினார். ஜஹாங்கீர் பாரசீகத்தில் எழுதினார். அவர்கள் அரசர்கள். ஹுமாயூனுக்குத் தண்ணீர்ச் செம்பு தூக்கிய ஜௌஹர் என்ற பணியாளரும் எழுதினார். ஆனால் அவர் எழுதியது எஜமானரைப் பற்றி. அரசரும் இல்லாமல், அரசரைப் பற்றியும் இல்லாமல், கடைத்தெருவில் கல்லும் துணியும் விற்ற ஒருவர் தம்மைப் பற்றி ஏன் எழுதவேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை இந்த நூலை நோக்கி இழுத்தது. விடையைத் தேடுமுன் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இடம் பெயர்ந்த குடும்பம்

பனாரசிதாஸின் முன்னோர்கள் நம் தில்லிக்குப் பக்கத்தில் உள்ள ரோத்தக் அருகே பிஹோலி என்ற கிராமத்தவர்கள். ராஜபுத்திரர்களாக இருந்து ஜைன சமயத்தைத் தழுவி, ஸ்ரீமால் என்னும் வணிகர் கூட்டத்தோடு சேர்ந்தவர்கள். பாட்டனார் மூல்தாஸ் ஹிந்தியும் பாரசீகமும் கற்றவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மாளவத்தில் நர்வர் என்ற ஊருக்குப் போய், ஒரு மொகலாயப் பிரபுவிடம் ‘மோதி’யாக, அதாவது தானியமும் பணமும் கடன் கொடுத்து வசூல் பார்க்கும் ஆளாக, வேலைக்கு அமர்ந்தார். மொழி படித்தவன் பிழைப்பைத் தேடி வெளியூர் போகிற கதை நமக்குப் புதிதல்லவே!

மூல்தாஸ் இறந்ததும் அந்தப் பிரபு வீட்டையும் சொத்தையும் பறிமுதல் செய்துகொண்டார். விதவை தன் சின்னப் பையன் கரக்சேனைக் கூட்டிக்கொண்டு கிழக்கே ஜவுன்பூரில் இருந்த தகப்பனார் வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பையன் வளர்ந்து நாணயம் பார்க்கவும் கணக்கு எழுதவும் கற்று, வங்காளம் வரை போய் உத்தியோகம் பார்த்து, ஆக்ராவில் கூட்டு வியாபாரம் செய்து, கடைசியில் ஜவுன்பூரிலேயே இரத்தினக் கல் வியாபாரியாக நிலைத்தார். அவருடைய மகன்தான் நம் பனாரசிதாஸ். பிறந்தது விக்ரம சம்வத் 1643, நம் கணக்கில் 1586-87.

பிள்ளை வரம் கேட்டுக் கரக்சேன் தம்பதி ரோத்தக்கில் உள்ள ஒரு சதி கோயிலுக்குப் போனார்கள். வழியில் திருடர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்ள, உடுத்த துணியோடு வீடு திரும்பினார்கள். பிள்ளை கேட்கப் போன இடத்தில் கையில் இருந்ததும் போயிற்று. அப்படியும் ஜனங்களுக்குப் புத்தி வரவில்லை, மறுபடியும் அங்கேயே போனார்கள் என்று மகன் நையாண்டி செய்கிறார். தமக்குப் பெயர் வைத்த கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலில் வைத்த பெயர் விக்ரமாஜித். காசியில் பார்சுவநாதர் கோயில் பூசாரி ஒருவர் கண்ணை மூடித் தியானம் செய்வதுபோலப் பாவனை காட்டி, யட்சன் வந்து சொன்னதாகச் சொல்லி, பார்சுவநாதர் பிறந்த ஊரின் பெயரை வைக்கச் சொன்னாராம். அது பூசாரியின் கபடம் என்று தெரிந்தேதான் அந்தப் பெயரை அவர் ஆயுசு முழுவதும் சுமந்தார்.

படிப்பும் காதலும்

பதினோரு வயதில் கல்யாணம். மருமகள் வீட்டுக்கு வந்த அதே நாளில் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே நாளில் கிழவி ஒருத்தி இறந்தாள். பிறப்பு, இறப்பு, மணம் மூன்றும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ். இதை அவர் ஒப்பாரி வைத்துச் சொல்லவில்லை. உலகம் இப்படித்தான் என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்.

அடுத்து வந்தது பெரிய ஆபத்து. 1598 வாக்கில் ஜவுன்பூர் ஆளுநர் கிலிச் கான், நகரத்து இரத்தின வியாபாரிகள் தம்மிடம் இல்லாத ஏதோ ஒரு பொருளைத் தரவேண்டும் என்று கேட்டு, அத்தனை பேரையும் சிறையில் அடைத்துச் சவுக்கால் அடித்தார். விடுதலையானதும் வியாபாரிகள் குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். கொட்டும் மழையில் கரக்சேன் குடும்பம் ஷாஜாத்பூர் என்ற ஊரில் போய் நின்றது. முன்பின் உறவில்லாத கரம்சந்த் என்ற ஒரு வணிகர் தம் வீட்டையே ஒழித்துக்கொடுத்தார். தானியம், பாத்திரம், படுக்கை எல்லாம் அதில் இருந்தன. ஆளுநரின் கொடுமையை எழுதிய அதே கையால் இந்த உதவியையும் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் கரம்சந்த் என்ற ஒருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. அந்த ஊரில்தான் சிறுவன் பனாரசி சோழி வாங்கி விற்றுத் தன் முதல் சம்பாத்தியத்தைப் பாட்டியிடம் கொடுத்தான். பாட்டி அதை என்ன செய்தாள் தெரியுமா? மிட்டாய் வாங்கிக் குலதெய்வத்தின் பேரில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள்.

பதினான்கு வயதில் ஒரு பண்டிதரிடம் நிகண்டு, ஜோதிடம், அலங்காரம் எல்லாம் படித்தான். கூடவே காதலும் பிடித்துக்கொண்டது. தகப்பனார் பெட்டியிலிருந்து மாணிக்கக் கற்களைத் திருடிக் காதலிக்கு அனுப்பினான். ஆயிரம் பாட்டுக்களில் ‘நவரஸம்’ என்று ஒரு சிருங்கார காவியமும் எழுதினான். கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பெரியவர்கள் கூப்பிட்டுச் சொன்ன புத்திமதி சுவையானது. ரொம்பப் படிப்பது பிராமணனுக்கும் பாட்டுப் பாடுகிறவனுக்கும்தான். வியாபாரி வீட்டுப் பிள்ளை கடையில் உட்காரவேண்டும். படித்தால் பிச்சைதான் எடுக்கவேண்டும் என்றார்களாம். மகனை எப்படியாவது இஞ்சினீயராக்கத் துடிக்கும் நம் வீடுகளில், கதை எழுதுகிற பிள்ளைக்கு இன்றும் கிட்டத்தட்ட இதே புத்திமதிதான் கிடைக்கிறது.

கொஞ்ச நாளில் மாமனார் ஊரான கைராபாத்தில் உடம்பெல்லாம் கொப்புளமாகி விழுந்தான். நெருங்கின உறவுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகின. மனைவியும் மாமியாரும் மட்டும் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு நாவிதர் மருந்து போட்டுக் குணப்படுத்தினார். ஊர் திரும்பியும் பழைய காதலை விட்டபாடில்லை என்பதையும் அவரே எழுதுகிறார்.

இன்னொரு சங்கதியைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஒரு சந்நியாசி மந்திரம் ஒன்று கொடுத்து, இதை ஒரு வருஷம் கக்கூஸில் உட்கார்ந்து ரகசியமாக ஜபித்தால் தினமும் வாசலில் ஒரு பொற்காசு கிடக்கும் என்றான். பனாரசி ஒரு வருஷம் தவறாமல் ஜபித்தார். வருஷம் முடிந்த மறுநாள் குளித்துவிட்டு வாசலைப் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். காசு வரவில்லை. இதை வெளியே சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர் பாட்டாகவே பாடி வைத்தார்.

அக்பர் இறந்த செய்தி

1605 அக்டோபரில் அக்பர் காலமானார். அரசாங்க வரலாற்று நூல்களில் அந்தச் சம்பவம் அரண்மனையோடு நிற்கிறது. செய்தி ஜவுன்பூர் வந்து சேர்ந்தபோது சாதாரண ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்வது இந்த வியாபாரிதான்.

பத்தொன்பது வயது பனாரசி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். செய்தி காதில் விழுந்ததும் தலை சுற்றிப் படியில் உருண்டார். மண்டை உடைந்து இரத்தம் கொட்டியது. தாயார் துணியைச் சுட்டு அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து அடைத்தாள். வெளியே ஊரே கலங்கிப் போயிருந்தது. கடைகளை மூடினார்கள், நகையும் நல்ல துணியும் மண்ணுக்குள் போயின, பணக்காரர்கள் முரட்டுத் துணி உடுத்தி ஏழை வேஷம் போட்டார்கள், வீட்டுக்கு வீடு ஆயுதம் வாங்கினார்கள். திருடன் எங்கும் இல்லை, பயம் மட்டும் எங்கும் இருந்தது. பத்து நாள் கழித்து ஆக்ராவிலிருந்து கடிதம் வந்தது: ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்தாயிற்று, எல்லாம் சுகம் என்று. கடைகள் திறந்தன. ஓர் அரசன் இறந்தால் நாட்டில் சட்டம் இருக்குமா இருக்காதா என்பது அன்று எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சாட்சியத்தை நான் படித்ததில்லை.

அந்த வீழ்ச்சி அவரை யோசிக்க வைத்தது. அந்த நாட்களில் இன்னொரு யோகி கொடுத்த சங்கைச் சிவனாக வைத்துத் தினமும் பூஜை செய்துவந்தார். நான் விழுந்தபோது இந்தச் சங்கு ஏன் என்னைப் பிடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு பூஜையை நிறுத்தினார். பிறகு ஒருநாள் நண்பர்களோடு கோமதி நதிப் பாலத்துக்குப் போய், தாம் எழுதிய ‘நவரஸம்’ சுவடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டார். ஒரு பொய் சொன்னாலே நரகம் என்கிறார்களே, நானோ ஆயிரம் பாட்டாகப் பொய்யை எழுதிவிட்டேனே என்பதுதான் அவர் சொன்ன காரணம். இந்த இடத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கற்பனையை ஆற்றில் விட்ட அதே மனிதர்தான் பின்னாளில் தம் உண்மைக் கதையை எழுத உட்கார்ந்தார்.

கச்சோரிக் கடன்

1610 வாக்கில் தகப்பனார் நெய், எண்ணெய், ஜவுன்பூர்த் துணி, கொஞ்சம் இரத்தினக் கற்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்து மகனை ஆக்ராவுக்கு அனுப்பினார். எட்டாவா அருகே பேய்மழை. சத்திரத்தில் இடமில்லை. வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினால் விரட்டினார்கள். கடைசியில் காவல்காரர்களின் குடிசையில் ஒண்டினார்கள். அங்கே வந்த ஒரு முரட்டு ஆள் முதலில் விரட்டப் பார்த்து, பிறகு இரங்கி, ஒரு கோணியைக் கொடுத்தான். தன் கட்டிலுக்குக் கீழே அவர்களைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தான் மேலே படுத்துக்கொண்டான்.

ஆக்ராவில் நடந்தது அதைவிட மோசம். துணி நஷ்டத்துக்குப் போயிற்று. பைஜாமா நாடாவில் முடிந்து வைத்த கற்கள் எங்கோ விழுந்தன. துணியில் கட்டி வைத்திருந்த மாணிக்கங்களை எலி இழுத்துக்கொண்டு போயிற்று. கையில் இருந்த முதல் கரைந்து, கடைத்தெருவுக்குப் போகவே முகமில்லாமல், இரவில் வீட்டிலேயே ‘மதுமாலதி’, ‘மிருகாவதி’ என்ற காதல் காவியங்களைப் பாடிக்கொண்டிருந்தார். பத்து இருபது பேர் கேட்க வருவார்கள். அவர்களில் ஒருவர் கச்சோரிக் கடைக்காரர்.

அந்தக் கடைக்காரரிடம் தினமும் கடனுக்குக் கச்சோரி தின்று காலம் தள்ளினார். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, ‘என்னிடம் ஒன்றுமே இல்லை, இனிமேல் கடன் கொடுக்காதே’ என்று உண்மையைச் சொன்னார். கடைக்காரரோ, ‘இருபது ரூபாய் வரைக்கும் சாப்பிடு, யாரும் கேட்க மாட்டார்கள்’ என்றார். ஆறேழு மாதம் ஓடிற்று. பிறகு ஒரு கூட்டு வியாபாரம் அமைந்து கையில் காசு வந்ததும் கணக்குப் பார்த்தால் பதினாலு ரூபாய். கொடுத்துத் தீர்த்தார். பேரரசின் தலைநகரத்தில் கையில் காசில்லாத ஒருவரை உயிரோடு வைத்திருந்தது ஒரு கச்சோரிக் கடைக்காரரின் நல்ல மனசு. முகலாயர் காலத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் படித்தாலும் இந்தக் கடைக்காரரை வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் அவர் மனைவியையும் சொல்லவேண்டும். தோற்றுப்போன கணவர் கைராபாத்துக்கு வந்தபோது, அவள் தான் ஒளித்து வைத்திருந்த இருபது ரூபாயைக் கொடுத்தாள். பிறகு தன் தாயாரிடம் ரகசியமாகப் பேசி இருநூறு ரூபாயும் வாங்கிக் கொடுத்தாள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்றுதான் அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள். பனாரசிதாஸ் உலகத்துக்கே சொல்லிவிட்டார்!

பிற்பாடு வியாபாரப் பயணத்தில் வழி தவறித் திருடர்கள் கிராமத்தில் மாட்டிக்கொண்டதும் உண்டு. பனாரசி சமயோசிதமாக ஒரு சுலோகத்தைச் சொல்லி ஆசீர்வாதம் செய்தார். திருடர் தலைவன் இவர்களைப் பிராமணர்கள் என்று நினைத்து விழுந்து கும்பிட்டான். அன்று ராத்திரியே நூலை முறுக்கிப் பூணூல் போட்டு, நெற்றியில் திலகம் இட்டு, விடிந்ததும் தப்பினார்கள். கணக்குத் தீர்க்க ஒரு பெரிய தனவந்தர் வீட்டுக்கு நாள்தோறும் நடந்த கதையும் இருக்கிறது. அவரோ பாட்டும் கூத்துமாகச் சாய்ந்திருப்பார், இன்று போய் நாளை வா என்பார், மாதங்கள் போயின. 1616-17இல் ஆக்ராவில் பரவிய கொள்ளைநோயையும் எழுதுகிறார்: உடம்பில் முடிச்சுப் போல ஒரு வீக்கம், அப்புறம் மரணம், எலிகள் செத்து விழுந்தன, வைத்தியர்களும் செத்தார்கள். ஜஹாங்கீரும் தம் குறிப்புகளில் எழுதிய அதே காலத்து நோய்தான். அரசர் எழுதியதற்கும் ஊரை விட்டு ஓடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒளிந்தவர் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

முதல் மனைவி இறந்த செய்தியும், அவளுடைய தங்கையை நிச்சயம் செய்த செய்தியும் ஒரே நேரத்தில் வந்தன. கொல்லனின் குறடு ஒரு கணம் நெருப்பில், மறு கணம் தண்ணீரில்; அதுபோலத் தம் மனம் ஆயிற்று என்கிறார். மூன்று முறை மணந்தார். ஏழு பிள்ளைகள், இரண்டு பெண்கள், ஆக ஒன்பது குழந்தைகள். ஒன்றும் தங்கவில்லை.

பொன்னூரிலிருந்து ஆக்ராவுக்கு

நம் தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதுவும் ஆழமான தொடர்பு.

1623 வாக்கில் கைராபாத்தில் ஒரு நண்பர் பனாரசிதாஸிடம் ‘சமயசாரம்’ என்ற நூலின் உரையைக் கொடுத்தார். ஆன்மாவைப் பற்றிய அந்தப் பிராகிருத நூலை இயற்றியவர் குந்தகுந்த ஆசாரியர். வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் அவர் தவம் செய்தார் என்பது மரபு. மலைமேல் அவருடைய பாதச் சுவடுகளைத் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வணங்குகிறார்கள். பிராகிருத மூலத்துக்கு அமிர்தசந்திரர் வடமொழியில் உரை செய்தார். அதைத் தொட்டு ராஜமல்லர் பேச்சு மொழியில் உரை எழுதினார். அந்த உரைதான் ஆக்ரா வியாபாரியின் கைக்கு வந்தது.

படித்ததும் சடங்குகளில் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் உள்ளே பக்குவமும் வரவில்லை. மூன்று நண்பர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு, துணியைக் களைந்து, நாங்கள் முனிவர்களாகிவிட்டோம் என்று கூத்தடித்த வெட்கத்தையும் மறைக்காமல் எழுதுகிறார். 1635இல் ரூப்சந்த் என்ற பண்டிதர் ஆக்ரா வந்து ‘கோம்மடசாரம்’ பாடம் சொன்ன பிறகுதான் தெளிவு பிறந்தது. அந்த நூலும் தெற்கே தோன்றியதுதான். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை நிறுவிய சாமுண்டராயரின் குரு நேமிசந்திரர் இயற்றியது. மறு வருஷமே, 1636இல், பனாரசிதாஸ் ‘சமயசார நாடகம்’ என்ற செய்யுள் நூலை எழுதினார். வடநாட்டு ஜைனர்கள் இன்றளவும் அதைப் போற்றி ஓதுகிறார்கள். தொண்டை நாட்டு மலையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு சிந்தனை, பிராகிருதம், வடமொழி, பேச்சு மொழி என்று படியிறங்கி ஆக்ராக் கடைத்தெரு வரை நடந்து வந்திருக்கிறது. தமிழன் வடக்கே வந்தது ரயிலில் மட்டும் அல்ல.

ஏன் எழுதினார்?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். பணத்துக்காக எழுதவில்லை, அச்சும் விற்பனையும் இல்லாத காலம். எந்தப் பிரபுவும் கேட்டு எழுதவில்லை. குலப் பெருமைக்காகவும் அல்ல. தாமே திருடியதைச் சொல்லுகிறவருக்கு என்ன குலப் பெருமை? பிள்ளைகளுக்காக என்று சொல்லலாம் என்றால், ஒன்பதும் போய்விட்டன.

அவரே சொல்லும் காரணம் எளிமையானது. என் கதையை எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது, அதனால் சொல்கிறேன் என்கிறார். முடிவில் மனிதர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். பிறர் குணத்தையும் தன் குற்றத்தையும் சொல்கிறவன் உத்தமன். இருவர் பக்கமும் குணமும் குற்றமும் சேர்த்துச் சொல்கிறவன் மத்திமன். பிறர் குற்றத்தையும் தன் குணத்தையும் மட்டுமே சொல்கிறவன் அதமன். தம்மை அவர் நடு வரிசையில் வைத்துக்கொள்கிறார். துஷ்டர்கள் சிரிப்பார்கள், நண்பர்கள் மகிழ்ந்து கேட்பார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

அதோடு நிற்கவில்லை. கடைசியில் ஒரு பட்டியல் போடுகிறார். வரவுப் பக்கத்தில்: கவி பாடத் தெரியும், பல மொழி தெரியும், பொறுமை உண்டு, இனிய பேச்சு உண்டு. பற்றுப் பக்கத்தில்: பண ஆசை போகவில்லை, கொஞ்சம் லாபம் வந்தால் குதிக்கிறான், கொஞ்சம் நஷ்டம் வந்தால் சோர்கிறான், விரதமும் தவமும் இல்லை, கூட்டத்தில் கட்டுக்கதை அளக்கிறான், யாரும் இல்லாதபோது தனியாக ஆடுகிறான், காரணமில்லாமல் திடீரென்று பயப்படுகிறான்.

எனக்கு இதைப் படித்ததும் நகரத்தார் கணக்குகளில் வரும் ‘ஐந்தொகை’தான் நினைவுக்கு வந்தது. வருஷ முடிவில் வரவு, பற்று, இருப்பு எல்லாம் எழுதிச் சரிபார்க்கிறோம் அல்லவா? பனாரசிதாஸ் நாற்பது வருஷம் வியாபாரக் கணக்கு எழுதியவர். பல வருஷங்களில் நஷ்டக் கணக்கு. அந்தக் கையே வாழ்க்கைக்கும் ஐந்தொகை எழுதிற்று. நஷ்டத்தை மறைத்துக் கணக்கு எழுதினால் ஏமாறுவது எழுதியவர்தானே! ஆற்றில் எறிந்த ஆயிரம் பாட்டுக்கு அவர் கண்ட பிராயச்சித்தம் இந்த 675 பாட்டு என்று எனக்குப் படுகிறது. அதோடு கொடுக்க முடியாத கடன்களையும் இதில் எழுதித்தான் தீர்த்தார். கரம்சந்துக்கும், கச்சோரிக் கடைக்காரருக்கும், நாவிதருக்கும், மாமியாருக்கும் பணத்தால் தீராத பாக்கி இருந்தது. வாரிசு இல்லாத அவர் தம்மோடு சேர்த்து அவர்களையும் பிழைக்க வைத்தார்.

நமக்கு என்ன?

1943இல் பம்பாயில் நாதுராம் பிரேமி என்ற அறிஞர் இந்நூலைப் பதிப்பித்தார். 1981இல் முகுந்த் லாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜெய்ப்பூரிலிருந்து வந்தது. எழுதி முந்நூறு வருஷம் கழித்துத்தான் பரவலாக வெளிச்சம் கிடைத்தது. பழைய ஹிந்தியானாலும் உரையோடு படித்தால் விளங்குகிறது. இங்கே பள்ளியில் ஹிந்தி படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சுலபமாக விளங்கும்.

தமிழிலும் இப்படிப்பட்ட செல்வம் உண்டு. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு வியாபாரக் கண்ணோடு பார்த்த சரித்திரம். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வந்தது. 1942இல் ஐயரவர்கள் மறைந்தபோது 1899 வாக்கோடு நின்றுபோனது. அதுவும் ஒரு பாதிக் கதைதான்! அந்தப் பாதி இல்லாவிட்டால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் திண்ணையையும், ஓலைச் சுவடி தேடிய ஊர்களையும் நாம் எங்கே பார்த்திருப்போம்?

வடக்கே வந்த தமிழர்களின் கதை யாரிடம் இருக்கிறது? தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறி, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்த தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. என் தாயார் பால் கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். பால் கணக்குக்கு நடுவே, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய தொகை, முதன்முதலில் கோதுமை மாவு பிசைந்து சரியாக வராத நாள், எனக்கு அம்மை போட்டிருந்தபோது இரண்டு இரவு கண் விழித்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமிக்குக் கொடுத்த புடவையின் விலை எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறது. மொத்தம் நாற்பது பக்கம் இருந்தால் அதிகம். எங்கள் குடும்பம் இங்கே வேர் பிடித்ததற்கு வேறு எந்த எழுத்துச் சான்றும் இல்லை. சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் தலைவர்கள் பெயர் இருக்கும். அந்தப் பஞ்சாபி மாமியின் பெயர் எந்த அறிக்கையில் வரும்?

ஆகவே நம் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். சாதனை செய்தவர்தான் எழுதவேண்டும் என்பதில்லை. செய்யுளும் வேண்டாம், இலக்கியமும் வேண்டாம். கை நடுங்கினால் பேரனிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத வராத பேரன் ஒலிப்பதிவாவது செய்துகொள்ளட்டும். எந்த வருஷம் வந்தீர்கள், முதல் வாடகை எவ்வளவு, யார் வீட்டில் தங்கினீர்கள், யார் கடன் கொடுத்தார்கள், எதில் தோற்றீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று இருக்கிறபடி சொல்லுங்கள். அடுத்த மலரில் ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கித் தருமாறு மலர்க்குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன். வரவுப் பக்கம், பற்றுப் பக்கம் இரண்டும் இருக்கட்டும். தீர்த்த கச்சோரிக் கடனையும் தீர்க்காத நன்றிக் கடனையும் விட்டுவிடாதீர்கள்.